வலைக்கு அந்தப் பக்கம்

எங்கள் குடியிருப்பில் மொத்தம் பன்னிரண்டு வீடுகள். மலைமேல், பெர்ன்ஹில்லில் மெயின் ரோட்டை விட்டுக் கீழே இறங்கி ஒரு வளைவு தாண்டினால் அரைவட்டமாக நிற்கும். எல்லாம் அரசு ஊழியர் குவார்ட்டர்ஸ். வீடுகளுக்கு நடுவே ஒரு மண் தரை, இரண்டு இரும்புக் கம்பங்கள், ஒரு வலை. அங்கேதான் நானும் எதிர்வீட்டு அக்காவும் பத்தொன்பது வருடம் ரிங் விளையாடினோம்.

ரிங் என்று நாங்கள் சொல்வது டென்னிகாய்ட். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே எறிய வேண்டும். எதிர்ப்பக்கம் இருப்பவர் ஒரே கையால் பிடித்து, பிடித்த இடத்திலிருந்தே உடனே திருப்பி எறிய வேண்டும். கையில் வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் என் வயதுப் பெண்களெல்லாம் ஆடியதுதான். கல்யாணமானதும் எல்லோரும் விட்டுவிட்டார்கள். நான் முப்பத்தேழு வயதில், இந்தக் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த பிறகு, மறுபடி ஆரம்பித்தேன். அக்காதான் இழுத்துவிட்டாள். "சும்மா சன்னல்ல நின்னு பாத்துட்டிருந்தா கை காலெல்லாம் வெறச்சுப் போயிரும் அம்முணி, எறங்கி வா" என்றாள். அவளுக்கு என்னைவிட மூன்று வயது அதிகம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் சொந்த ஊர். கணவர் எங்கள் துறையிலேயே ஜீப் ஓட்டுநர்.

நான் அலுவலகத்திலிருந்து ஐந்தே காலுக்கு வருவேன். சேலையை இழுத்துச் செருகி, உள்ளே டிராக் பேன்ட், மேலே ஸ்வெட்டர், கேன்வாஸ் ஷூ. ஐந்தரைக்குக் களத்தில் இருப்போம். இருட்டும் வரை, அல்லது மூடுபனி இறங்கி வலை கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை. ஜோடி ஜோடியாகத்தான் ஆடுவோம், நானும் அக்காவும் வலைக்கு ஒரே பக்கம். நான் எப்போதும் இடப்பக்கம் நிற்பேன், அக்கா வலப்பக்கம். நான் வலக்கைக்காரி, அவள் இடக்கைக்காரி. அதனால் எங்கள் இரண்டு நல்ல கைகளும் நடுவில் இருந்தன. நடுவே வரும் வளையத்துக்காக மற்ற ஜோடிகள் முட்டிக்கொள்வார்கள். நாங்கள் முட்டிக்கொண்டதே இல்லை. "எனக்கு!" என்று குரல் கேட்டால் நான் கையை இழுத்துக்கொள்வேன். "அம்முணி!" என்று கேட்டால் என்னுடையது. திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

அப்படி வளையத்துக்காக எத்தனையோ முறை தாவி, சறுக்கி, முழங்காலில் சிராய்த்துக்கொண்டவள் நான். ஒரு நாளும் எலும்பு முறியவில்லை. பால் வாங்கப் போய் முறிந்தது.

ஜனவரி மாதம். எங்கள் ஊரில் அந்த மாதம் விடியற்காலையில் புல்லெல்லாம் உறைந்து வெளுத்துக் கிடக்கும், நின்ற வண்டிகளின் கண்ணாடியைச் சுரண்ட வேண்டியிருக்கும். ஆறு மணிக்குத் தூக்குப் போசியோடு கதவைத் திறந்து வெளியே வந்தேன். வாசலில் மூன்று படி. இரண்டாவது படியில் கால் வைத்தது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, கன்னத்துக்கடியில் ஐஸாய்க் குளிர்ந்த மண். இடது பாதம் எனக்குச் சொந்தமில்லாத ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கத்தினேனா என்று தெரியவில்லை. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்பதும் தெரியாது. அக்காவின் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் ஓடிவந்து, தன் சால்வையை உருவி என் மேல் போர்த்தி, அந்த உறைந்த புல்லிலேயே உட்கார்ந்து என் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, பன்னிரண்டு வீடும் எழுந்திருக்கும்படி கத்தினாள்.

கணுக்காலில் இரண்டு பக்கமும் முறிவு. பிளேட் வைத்து ஸ்குரூ போட்டார்கள். ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார்கள்.

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கட்டில் போட்டார்கள். சன்னல் வழியே களம் முழுக்கத் தெரியும். முதல் இரண்டு வாரம் யாரும் ஆடவில்லை. என்னை மதித்து அப்படியிருந்தார்கள் என்று நினைக்கிறேன். மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் வளையம் கையில் விழும் அந்தத் தப்பென்ற சத்தம் கேட்டது. தலையணையில் சாய்ந்தபடி பார்த்தேன். என் இடத்தில், இடப்பக்கம், நாலாவது வீட்டுப் பெண் நின்றாள். நாற்பது வயது. கணவர் பள்ளி ஆசிரியர், அவர்கள் குடிவந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நல்ல பெண். நன்றாகவே பிடித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அக்கா தினமும் வந்தாள். கொள்ளு ரசம் கொண்டுவருவாள், தட்டப்பயறுக் குழம்பு கொண்டுவருவாள். அன்றைக்கு அவள் வந்தபோது நான் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"என்ன அம்முணி, வலிக்குதா?"

"இல்லைங்க்கா."

அவள் சன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீ வர்ற வரைக்குந்தான்" என்றாள். டம்ளரில் ரசத்தை ஊற்றி ஆற்றிக் கொடுத்தாள்.

பிப்ரவரி கடைசியில் கட்டு முழுவதும் பிரித்து, வாக்கர் பிடித்து நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். எலும்பு சேர்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னது, ஆனால் என் உடம்பு அதை நம்பவில்லை. வாசலில் மூன்று படியும் மூன்று பள்ளத்தாக்காகத் தெரிந்தன. குளியலறைக்குப் போவதற்கு முன்னால் தரை ஈரமா என்று ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன். என் கணவர் வேறு என் முழங்கையை விடவே மாட்டார். சமையலறைக்குப் போனால் பின்னால் வருவார். "மெதுவா, மெதுவா" என்பார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்குக் கால் இன்னும் தடுமாறும்.

மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவில் ஓர் இளம்பெண் இருந்தாள். எமரால்டு பக்கத்துப் படுகர் கிராமம். அப்பா கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். மென்மையாகப் பேசுவாள், ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டாள். முதல் நாளே அவள் கேட்டது, "இதுக்கு முன்னாடி எங்கயாவது தடுக்குச்சாம்மா?"

"இல்லைம்மா. உறைபனி. வழுக்கிடுச்சு."

"யோசிச்சுச் சொல்லுங்க. விழணும்னு இல்ல, விழப்பாத்தாக்கூடச் சொல்லுங்க."

யோசித்தேன். அக்டோபரில் டவுனில் சேரிங்கிராஸில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது படி எங்கே என்று தெரியாமல் காற்றில் கால் வைத்திருக்கிறேன், கண்டக்டர் பிடித்துக்கொண்டார். புதிதாக மாற்றிய இரட்டைப் பவர் கண்ணாடியின் மேல் பழியைப் போட்டேன். கல்லறைத் திருநாளன்று மாமனார் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் குனிந்தவள் நிமிரும்போது தள்ளாடி, பக்கத்துக் கல்லறையின் சிலுவையைப் பிடித்துக்கொண்டேன். அதை யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதிப்பட்டதுகூட நினைவு வந்தது. சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். "அப்ப பனி ஒரு சாக்குதாம்மா. வயசு ஏற ஏற பாலன்ஸ் கொஞ்சங்கொஞ்சமா குறையும், நமக்கே தெரியாது. திரும்பப் பழக்கினா வரும். பழக்கலைன்னா இந்தக் கால் ஆறினாலும் மறுபடி விழுவீங்க."

அன்று எனக்குக் கொடுத்த முதல் பயிற்சி, சுவரோரம் நின்று ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை, குதிகால் விரலைத் தொடும்படி வைத்து நிற்பது. அவ்வளவுதான். ஐம்பத்தாறு வருடமாக நிற்கத் தெரிந்தவள்தானே என்று நின்றேன். மனதுக்குள் ஐந்து எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆட்டக்களத்தில் ஓடிக்கொண்டே ஒற்றைக் காலில் நின்று வளையம் பிடித்தவள் நான் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எந்தக் கை?" என்று கேட்டாள். அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

மார்ச் இரண்டாவது வாரம் அக்கா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கையில் எதுவும் கொண்டுவரவில்லை.

"மே கடைசில அவருக்கு ரிட்டயர்டு அம்முணி. ஊட்டக் காலி பண்ணோணும். ஊர்ல மேல ரெண்டு ரூம்பு எடுத்தது பூச்சு வேலை முடிஞ்சுது. ஜூன் மொதத் தேதி லாரி வருது."

அது எனக்குத் தெரியாத விஷயமல்ல. அவர் பிறந்த வருடம் அலுவலகப் பதிவேட்டில் என் கையாலேயே எழுதியது. ஆனாலும் தெரிந்திருப்பது ஒன்று, அவள் வாயால் கேட்பது இன்னொன்று. "அதுக்கு முன்னாடி நான் வந்துருவேங்க்கா" என்றேன். "ஒரு ஆட்டமாவது ஆடணும்."

"அவசரப்படாத."

"வந்துருவேன்."

மறுவாரம் பிசியோதெரபிப் பெண்ணிடம் கேட்டேன், மே முடிவதற்குள் ஆட முடியுமா என்று. அவள் என் காலைத் திருப்பிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள். "நடக்கறது வேற, ஆடறது வேறம்மா. ஆடறப்ப நீங்க காலைப் பாக்க மாட்டீங்க, வளையத்தைத்தான் பாப்பீங்க. காலைப் பாக்காம இருக்கறப்ப கால் என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியணும். அதுவரைக்கும் சரின்னு சொல்ல மாட்டேன்."

"ரெண்டு மாசம் இருக்கே."

"பாக்கலாம்மா" என்றாள். அது சரி என்பதல்ல என்று புரிந்தது. இருந்தாலும் எனக்கு வேண்டிய அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு நான் வாழ்ந்ததெல்லாம் கால்மேல்தான். குக்கர் விசில் வரும் வரை பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பேன். பிறகு இரண்டு விரல் மட்டும் தொட்டபடி. பிறகு விரலையும் எடுத்துவிட்டு. கம்பளியை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் நின்றால் கணுக்கால் புதிதாகப் பிறந்த கன்றைப்போல் நடுங்கும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து, கையூன்றாமல் உட்கார்ந்து பழகினேன். அலுவலகத்துக்குத் திரும்பியதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளில்லாத வராந்தாவில் தரைக் கோட்டின்மேல் குதிகாலும் விரலும் தொடத்தொட நடப்பேன். ஞாயிறு பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லோரும் எழுந்து நிற்கும்போது, சேலைக்குள் ஒரு குதிகாலை மெல்ல உயர்த்திக்கொள்வேன். பிரமாணம் முடிவதற்குள் இரண்டு முறை பெஞ்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏப்ரலில் பிடிக்காமல் முடித்தேன். கடவுள் அதைத் தவறாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

சாயங்காலங்களில் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்ப்பேன். அக்கா "எனக்கு!" என்று கத்தும்போதெல்லாம் மடியில் இருந்த என் வலது கை தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். யாரும் பார்த்துவிடாதபடி சால்வைக்குள் வைத்துக்கொள்வேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு தவறு செய்தேன். சீசன் நேரம். மேலே ரோட்டில் சுற்றுலா வண்டிகள் வரிசைகட்டி நின்றதால் அலுவலகத்துக்குப் போவதே பெரும்பாடு. தலைவலி என்று அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு மதியமே வீட்டுக்கு வந்தேன். குடியிருப்பில் ஆள் நடமாட்டமே இல்லை. அலமாரியிலிருந்து வளையத்தை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கினேன். மண்ணைத் தொட்டதும் ஷூவுக்குள் பாதம் சூடானதுபோல் இருந்தது. நானே மேலே எறிந்து நானே பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி எறிந்தேன். பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்துப் பிடித்தேன். அந்த நிமிடம் எனக்கிருந்த சந்தோஷத்தை என்னால் சொல்ல முடியாது. மூன்றாவது முறை, நடுவே வரும் வளையத்துக்குத் திரும்புவதுபோல் சட்டென்று திரும்பினேன். இடது கணுக்கால் மடங்கியது. கம்பம் பக்கத்தில் இருந்ததால் அதைக் கட்டிக்கொண்டேன். இல்லையென்றால் மறுபடி அதே மண்தான்.

ராத்திரிக்குள் கால் வீங்கிவிட்டது. மறைக்க முடியவில்லை. என் கணவர் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து காலடியில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஐஸை வீக்கத்தின்மேல் வைத்து மெல்ல அழுத்தினார்.

"இந்த வயசுல அந்த ரிங் அப்படி என்னதான் கொடுக்குது உனக்கு?" என்று கேட்டார். பிறகு அவரே சொன்னார்: "அன்னிக்கு நீ விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கேட்டுச்சு. பூனை எதையோ தள்ளிவிட்டுச்சுன்னு நினைச்சு, போர்வையை இழுத்து மூடிப் படுத்துட்டேன். அந்தம்மா கத்தினப்பதான் எந்திரிச்சேன். அவ்வளவு நேரம் நீ பனியில கெடந்திருக்க."

மூன்று மாதமாக அவர் என் முழங்கையை ஏன் விடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஐஸ் வைத்திருந்த அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் கையும் விறைத்துப்போயிருந்தது.

அடுத்த முறை அவரும் மருத்துவமனைக்கு வந்தார். பிசியோதெரபிப் பெண் வீக்கத்தைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை. "பத்து நாள் பின்னாடி போயிட்டோம்மா" என்றாள். பத்து நாள் என்றால் என்னவென்று எனக்குத்தான் தெரியும். பிறகு என்னை நிற்கவைத்தாள். என் கணவர் வழக்கம்போல முழங்கையைப் பிடித்தார்.

"சார், கையை எடுங்க."

"விழுந்துட்டா?"

"பக்கத்துலயே நில்லுங்க. பிடிக்காதீங்க. நீங்க பிடிச்சா அவங்க காலுக்கு வேலை இல்ல."

அவர் கையை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டிலும் அப்படியேதான். நான் கம்பளியின்மேல் நிற்பேன், அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நிற்பார். ஸ்கூல் அசெம்ப்ளியில் நிற்கிற இரண்டு பேர் மாதிரி இருக்கும்.

மே மாதம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அக்கா வீட்டில் அட்டைப்பெட்டிகள் அடுக்கத் தொடங்கினார்கள். சுவரில் காலண்டர் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. மூன்றாவது வாரம் நான் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நின்றேன். பிசியோதெரபிப் பெண் என்னைப் பார்த்துப் பந்து எறிந்தாள், நின்ற இடத்தில் எல்லாவற்றையும் பிடித்தேன். பிறகு பக்கவாட்டில் குதிக்கச் சொன்னாள். குதித்தேன். தரையைத் தொட்ட கால் ஒரு கணம் எங்கே நிற்பது என்று தேடியது. அவள் பார்த்துவிட்டாள். நானும் பார்த்துவிட்டேன்.

"ஜூலை, ஆகஸ்ட் ஆகும்மா."

"ஒரே ஒரு ஆட்டம். அவங்க ஊருக்குப் போறாங்க."

அவள் பந்தை மேசைமேல் வைத்தாள். "நின்ன இடத்துல நின்னு எறிஞ்சு பிடிக்கலாம். காலை நகர்த்தாம. அவங்க கைக்குத்தான் எறியணும், நீங்க தாவக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன்.

மே முப்பதாம் தேதி சாயங்காலம். மதியம் பெய்த மழையில் மண் இறுகி இருந்தது. அக்கா பெட்டியில் போடாமல் கடைசிவரை வைத்திருந்த கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் யாரும் அன்றைக்கு இறங்கவில்லை, வாசல்களில் நின்றார்கள். நான் வழக்கம்போல இடப்பக்கம் போய் நின்றேன். அக்கா வலப்பக்கம் வந்து நின்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். ஒரே பக்கம் நின்றுகொண்டு யாருக்கு எறிவது?

"நா அக்கட்டால போறேன்" என்று அவள் வலைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனாள்.

பத்தொன்பது வருடத்தில் அவள் எனக்கு எதிரே நின்று ஆடியதில்லை. அவள் குரலைக் கேட்டிருக்கிறேன், மூச்சைக் கேட்டிருக்கிறேன், ஓரக்கண்ணில் ஸ்வெட்டரின் நிறத்தைப் பார்த்திருக்கிறேன். ஆடும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. எறிவதற்கு முன் கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள். வளையம் கையை விட்டதும் புருவம் இரண்டும் மேலே ஏறுகின்றன, சின்னப் பிள்ளை பட்டம் விட்டுவிட்டுப் பார்க்கிற மாதிரி. இத்தனை வருடமும் இதை எதிர்ப்பக்கம் நின்றவர்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் என் கைக்கு நேராகவே எறிந்தாள். நான் அவள் இடக்கைக்கு எறிந்தேன். காலை நகர்த்தவில்லை. என் கணவர் ஓரடி தள்ளிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எத்தனை முறை போய்வந்தது என்று யாரும் எண்ணவில்லை. ஒருமுறை மட்டும் வளையம் கொஞ்சம் விலகி என் வலப்பக்கம் வந்தது. முன்பு அவளுடையதாக இருந்திருக்க வேண்டிய வளையம். நான் கையை இழுத்துக்கொண்டேன். அது என் பின்னால் மண்ணில் விழுந்து உருண்டது.

"ஏன் அம்முணி விட்டுட்ட?" என்றாள்.

"நீங்க எடுப்பீங்கன்னு விட்டுட்டேங்க்கா."

அவள் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குமேல் ஆடவில்லை. பனி இறங்கியதும் உள்ளே போனோம்.

ஜூன் முதல் தேதி லாரி போனது. எதிர்வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. நான் அந்த மாதம் முழுக்கப் பயிற்சியை விட்டுவிட்டேன். எதற்காக என்று தோன்றிவிட்டது. தொட்டியின் முன்னால் நிற்பேன், இரண்டு காலிலும். விசில் வரும், அடுப்பை அணைப்பேன். ஒரு நாள் என் கணவர் கம்பளியை நாலாக மடித்துத் தரையில் போட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் வரவில்லை என்று கண்டதும் அவரே அதன்மேல் ஏறி ஒற்றைக் காலைத் தூக்கினார். அலமாரியைப் பிடித்தார், அலமாரிக் கதவு திறந்துகொண்டது, எவர்சில்வர் டப்பா இரண்டு கீழே உருண்டன. பல நாளைக்குப் பிறகு நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். மறுநாள் மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை இரண்டு பேருமாக.

ஆகஸ்டில் அந்தப் பெண் சரி என்றாள். முன்னால், பின்னால், பக்கவாட்டில் குதிக்கவிட்டு, நான் எதிர்பாராத நேரத்தில் பந்தை எறிந்து, திரும்பவிட்டு, எல்லாம் பார்த்தபிறகு. "காலைப் பாக்கவே இல்ல நீங்க" என்றாள். அவள் கண்ணில் ஓர் ஒளி. "விளையாடுங்க. வீட்டுல பயிற்சியை மட்டும் விடாதீங்க, அது இனிமே பல் தேய்க்கற மாதிரி."

அன்று சாயங்காலமே இறங்கினேன். நாலாவது வீட்டுப் பெண் தானாகவே இடப்பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு வலப்பக்கம் போனாள். அவளும் வலக்கைக்காரி. இரண்டாவது எறியிலேயே வளையம் நடுவில் வந்தது. அவள் கூப்பிடுவாள் என்று நான் காத்திருந்தேன், நான் எடுப்பேன் என்று அவள் காத்திருந்தாள். வளையம் எங்கள் இருவருக்கும் நடுவே விழுந்தது. "சாரிங்க்கா" என்றாள். அவள்மேல் ஒரு தவறும் இல்லை. பதினைந்து புள்ளிகள் வரை ஆடினேன். சறுக்கினேன், திரும்பினேன், ஒருமுறை ஒற்றைக் காலில் நின்று பிடித்தேன். கால் எனக்குத் துரோகம் செய்யவில்லை. ஆட்டம் முடிந்து எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது அழுகை வந்தது. வலியால் இல்லை.

போனில் அக்காவிடம் சொன்னேன்.

"எத்தனை?" என்று கேட்டாள்.

"பதினஞ்சுக்குப் பன்னெண்டு. தோத்துட்டோம்."

"நடுவுல விட்டிருப்பீங்க."

"ஆமாங்க்கா."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் அலம்பும் சத்தம் கேட்டது. "இங்க ஆடறக்கு எடமும் இல்ல, ஆளும் இல்ல அம்முணி" என்றாள். "வெயில்ல ஊட்டுக்குள்ளயே கெடக்கறேன்."

நவம்பரில் அவள் பேத்திக்குக் காதுகுத்து என்று கூப்பிட்டாள். நானும் என் கணவரும் மேட்டுப்பாளையம் வழியாகப் போனோம். வீடு பெரியது, சுற்றிலும் வாழைத்தோப்பு. அவள் இளைத்திருந்தாள். விருந்தெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு இரண்டு பேரும் வாய்க்கால் கரைமேல் நடந்தோம். கரை ஒற்றையடிப் பாதைதான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்காகப் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும்தான், அவள் எடை என் கையில் இறங்குவது தெரிந்தது. ஆறு மாதத்தில் அந்தக் கால்கள் அப்படி ஆகிவிட்டிருந்தன. அவள் களத்தைப் பற்றி, நாலாவது வீட்டுப் பெண்ணைப் பற்றி, வலை மாற்றினோமா என்று கேட்டாள். திரும்பி வீட்டுக்கு வந்ததும் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், தொட்டி விளிம்பைப் பிடிக்கவைத்து, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொன்றை வைக்கச் சொல்லிக் காட்டினேன். சிரித்துக்கொண்டே நின்றாள். "தெனமும் செய்யோணுமா?" என்று கேட்டாள். தினமும் என்றேன். செய்கிறாளா என்று எனக்குத் தெரியாது. போனில் கேட்டால் "ஆச்சு, ஆச்சு" என்கிறாள்.

அன்று எங்களைப் பஸ் ஏற்ற பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். எனக்குச் சன்னலோரச் சீட்டு கிடைத்தது. பஸ் நகர்ந்ததும் அவள் கூடவே நாலெட்டு நடந்து வந்து என்னமோ சொன்னாள். கண்ணாடி மூடியிருந்தது, இன்ஜின் சத்தம் வேறு. புரிந்ததுபோல் தலையை ஆட்டினேன். திம்பத்துப் பக்கத்து மலை தூரத்தில் நீலமாகத் தெரியும் வரை அது என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மறுவாரம் போனில் கேட்டேன்.

"என்னத்தச் சொன்னேன்னு நெனப்பில்ல அம்முணி" என்றாள். "பாத்துப் போன்னுதான் சொல்லியிருப்பேன்."

அப்படித்தான் இருக்கும் என்று நானும் சொன்னேன்.